கொலஸ்ட்ரால்: பித்தப்பைக் கல்லில் கிடைத்த பெயர்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) இரத்தப் பரிசோதனைத் தாளோடு திரும்பும் நம்மவர்கள் பலரும் வீட்டில் சொல்வது, "கொழுப்பு பரவாயில்லையாம்." எந்தக் கொழுப்பு என்று கேட்டால் பதில் வராது. தாளில் நான்கு வரிகள் இருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொலஸ்ட்ரால் கிரேக்க வேர்களால் ஆன சொல். 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது. 18ஆம் நூற்றாண்டில் பித்தப்பைக் கற்களில் கண்டறியப்பட்ட இந்த மெழுகுப் பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல் 'கொலஸ்டெரின்' என்று பெயரிட்டார். அது ஆல்கஹால் என்னும் வேதிவகையைச் சேர்ந்தது என்று பின்னர் தெரியவந்ததால் ஈற்றில் 'ஆல்' வந்தது. கறியில் மிதக்கும் கொழுப்பும் இதுவும் ஒன்றல்ல. உயிரணுச் சவ்வுக்கும் ஹார்மோன்களுக்கும் பித்த அமிலத்துக்கும் தேவையான இதில் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது.

கொழுப்பு, 'கொழு' என்ற வேரிலிருந்து வந்தது. செழித்தல், பருத்தல் என்று பொருள். திமிருக்கும் அதே சொல். சங்கப் பாடல்களில் இறைச்சிக் கொழுப்புக்கு 'நிணம்' என்ற அழகான சொல் உண்டு. அதை இன்று நிணநீருக்குக் கொடுத்துவிட்டோம்.

உண்மையில் கொழுப்பு என்ற பெயருக்கு உரியது டிரைகிளிசரைடு. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது. அதனால் முக்கிளிசரைடு என்றும் எழுதுகிறார்கள். கல்லீரலில் தேங்குவது பெரும்பாலும் இதுதான்.

ஓர் ஆணின் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 4.9, எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 2.9, எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 0.9, டிரைகிளிசரைடு 2.4 என்று, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், வைத்துக்கொள்வோம். மொத்தம் 5.2க்குள் இருப்பதால் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் கவலைப்பட வேண்டியவை கடைசி இரண்டு வரிகள். டிரைகிளிசரைடு 1.7ஐத் தொட்டாலோ, எச்டிஎல் ஆண்களுக்கு 1.0, பெண்களுக்கு 1.3 என்ற அளவைத் தாண்டாவிட்டாலோ கல்லீரலையும் நினைக்க வேண்டும். (சென்னையிலிருந்து வரும் தாளில் அலகு வேறு; அந்த 1.7, டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று இருக்கும்.) இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் மிகைச் சர்க்கரையைக் கொழுப்பாக்கும், ஒரு பங்கை இரத்தத்தில் விடும், மீதி அங்கேயே தங்கும். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் மலைபோல் குவித்த சோறும் கறிக்கொழுப்புக்குக் குறையாத காரணங்கள்.

இப்படிக் கல்லீரலில் கொழுப்பு தேங்கும் நோயைக் 'கல்லீரல் கொழுப்பு நோய்' என்றே எழுதலாம்; யாருக்கும் உடனே புரியும். கொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ரால் என்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. அதைக் 'கெட்ட கொழுப்பு' என்று மொழிபெயர்த்ததில்தான் டிரைகிளிசரைடு கண்ணுக்குத் தெரியாமல் போனது.

நான்கு வரிகளும் சரியாக இருப்பவருக்கும் கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம். இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் மீயொலிச் சோதனை (அல்ட்ராசவுண்ட்) வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.