தொடைச்சந்து வாதம்

தொடை உடலோடு சேரும் மூட்டில் வரும் ஒஸ்டியோஆத்ரைட்டிஸை நோயாளிக்கு எந்தப் பெயரால் சொல்வது? அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று கிரேக்கத் துண்டுகள் இருக்கின்றன: எலும்பு, மூட்டு, அழற்சி. எலும்பை 'என்பு' என்றே எழுதும் இலங்கைப் பாடநூல் வழக்கின்படி அதை 'என்பு மூட்டழற்சி' எனலாம். பிழையில்லாத பெயர்ப்புத்தான். ஆனால் களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வாசலில் துண்டுச்சீட்டோடு காத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. அவர் கேட்டுப் பழகியது 'எலும்புத் தேய்மானம்'.

அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்பேன். இந்த நோயில் மெலிந்து கெடுவது எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் கசியிழையம். தமிழ்நாட்டார் அதைக் குருத்தெலும்பு என்பார்கள். எலும்போ தேய்வதற்கு மாறாக ஓரங்களில் புதிதாக முளைவிடும். மூட்டின் உட்சவ்வும் அழலும். தேய்மானம் என்று கேட்டவர், நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து கட்டிலோடு கிடந்துவிடுகிறார். தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் இதற்கு முதல் வைத்தியம் என்னும்போது, ஒரு பெயர் செய்யும் கேடு சிறியதல்ல. எலும்பின் அடர்த்தி குறையும் என்புத்துளை நோயையும் இதே பெயரால் சொல்லிக் குழப்புகிறோம். சித்த மருத்துவம் 'அழல் கீல்வாயு' என்கிறது. கீல் என்றால் மூட்டு. கதவுக் கீலும் அதே சொல்தான்.

சரி, எந்த மூட்டு? இங்கேதான் பெரிய சிக்கல். 'இடுப்பு மூட்டு' என்று எழுதுகிறோம். மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் 'இடுப்பு நோகுது' என்றால் பெரும்பாலும் நாரியை, அதாவது கீழ்முதுகைத்தான் கை காட்டும். உண்மையில் இந்த மூட்டின் நோவு தெரிவது கவட்டுக்குள், முன்தொடையில், சிலருக்குப் பிட்டத்தில். முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. அப்புறம் முழங்காலுக்கு எண்ணெய், முழங்காலுக்கே எக்ஸ்ரே என்று மாதங்கள் போய்விடும். கவட்டு நோவைச் சொல்லக் கூச்சப்படும் பெண்களிடம் வைத்தியர்தான் கேட்டெடுக்க வேண்டும்.

இதற்கு நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் யாக்கோபு போராடும்போது சுளுக்கிக்கொள்வது 'தொடைச்சந்து'. தொடை உடலோடு சந்திக்கும் இடம். கேட்டவுடன் கை சரியான இடத்துக்குப் போகும்.

ஆரம்ப நிலையில் பிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வயது 45 அல்லது அதற்கு மேல், வேலை செய்யும்போது நோவு, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால், வேறு நோய்க்கான அறிகுறி இல்லாதவரை எக்ஸ்ரே இல்லாமலே முடிவுக்கு வரலாம் என்பது பிரித்தானிய வழிகாட்டுதல். நம் ஊரில் கேட்க வேண்டியவை: குந்த முடிகிறதா? சப்பாணி கட்டி இருக்க முடிகிறதா? கால் நகம் வெட்ட, சைக்கிளில் காலைத் தூக்கிப்போட முடிகிறதா? பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையையும் முழங்காலையும் 90 பாகை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்போது தொடைச்சந்து உள்நோக்கித் திரும்புகிறது. பெரும்பாலும் முதலில் குறைவது அந்தத் திருப்பம்தான். மற்றக் காலைவிடக் குறைவாகத் திரும்பி, கவட்டுக்குள் நோவும் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். அதை வைத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடக் கூடாது.

பக்கவாட்டில் மட்டும் நோவு, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் தசைநாண் சிக்கல். விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, ஓய்விலும் விடாத இரவு நோவு இருந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்பும் கடிதத்தில் 'இடுப்பு மூட்டு என்பு மூட்டழற்சி' என்றே எழுதலாம். நோயாளியிடம் 'தொடைச்சந்து வாதம்' என்று சொல்லி, கையால் இடத்தையும் தொட்டுக் காட்டுங்கள். பக்கவாதம் என்று பயந்துவிடாதபடி, இது மூட்டுவாதம் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.