டிரேட் சீக்ரெட்: தொழில் இரகசியமா, மறைபொருளா?

பணி ஒப்பந்தங்களில் 'டிரேட் சீக்ரெட்', 'கான்ஃபிடென்ஷியல்' இரண்டும் ஒட்டியே வரும். தமிழில் எழுதும்போது பலர் இரண்டுக்கும் 'இரகசியத் தகவல்' என்றே போட்டுவிடுகிறார்கள். இது சரியில்லை.

'சீக்ரெட்' லத்தீன் வழிச் சொல். ஒதுக்கிப் பிரித்து வைத்தது என்பது வேர்ப்பொருள். 'கான்ஃபிடென்ஷியல்' என்பதற்கு வேர் நம்பிக்கை. நம்பி ஒப்படைத்தது என்று கொள்ளலாம். ஊழியர் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் இந்த இரண்டாம் வகை. அது கசிந்தால் தவறுதான், ஆனால் அதை வைத்துப் போட்டி நிறுவனம் சம்பாதிக்க முடியாது. கலவை விகிதம், விலை கணக்கிடும் சூத்திரம், வெளியிடாத மூலநிரல் (சோர்ஸ் கோட்) போன்றவையே டிரேட் சீக்ரெட்.

தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. 'இரகசியம்' வடசொல், 'ரகஸ்' என்றால் தனிமை. 'கமுக்கம்' நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் 'கமுக்கமா இருக்கான்' என்று ஆளின் சுபாவத்தைச் சொல்லவே அதிகம் வருகிறது. 'மந்தணம்' அலுவலகக் கோப்புகளில் புழங்குவது; கான்ஃபிடென்ஷியலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது 'மறை'. 'அருமறை சோரும் அறிவிலான்' என்கிறது குறள் 847. காக்க வேண்டியதை வாய்தவறிச் சிந்திவிடுகிறவன் அன்றும் இருந்திருக்கிறான்.

எனவே டிரேட் சீக்ரெட்டுக்கு 'தொழில் மறைபொருள்' என்பதே என் தேர்வு. நடுவில் 'ப்' போட்டுவிடக் கூடாது. 'மறைப்பொருள்' என்றால் வேதத்தின் பொருள் என்றாகிவிடும். 'மறைபொருள்' வினைத்தொகை: மறைத்த, மறைக்கிற, மறைக்கும் பொருள். சட்டம் கேட்பதும் இதைத்தான். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், 39-ஆம் பிரிவில், மூன்று நிபந்தனை விதிக்கிறது: அத்துறையினருக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும், தெரியாததாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், உரிமையாளர் அதைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். பல வழக்குகள் தடுக்கி விழுவது மூன்றாவதில். காப்புரிமைக்கு 20 ஆண்டு என்று வரம்பு உண்டு, இதற்குக் கிடையாது. மறைப்பு நின்ற நாளே உரிமையும் போய்விடும்.

கணினியில் மறைப்பு எங்கே நின்றுபோகிறது? 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்த கோப்பு முதல் இடம். சொந்தக் கணக்கிலுள்ள இலவச ஏஐ பெட்டியில் ஒட்டிய நிரல் அடுத்தது. யாரும் சந்தேகிக்காத இடம் எக்செல்தான். பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) உள்ள கோப்பில் மூலத்தாளை நீக்கிவிட்டு, மொத்தத் தொகை மட்டும் தெரியும்படி வெளியே அனுப்புவார்கள். பெறுபவர் அந்தத் தொகையை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் போதும். அதன் பின்னால் இருக்கும் வரிகள் எல்லாம் புதிய தாளில் வந்து நிற்கும். பிவட் தன் மூலத்தரவின் நகலைக் கோப்புக்குள்ளேயே வைத்திருப்பதுதான் காரணம். எண்களை மதிப்புகளாக மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்ப வேண்டும். பிடிஎஃப்பில் வரிமேல் கறுப்புக் கட்டம் வரைவதும் இதே கதை. கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்தால் வந்துவிடும்.

எல்லாக் கோப்பிலும் 'மந்தணம்' என்று முத்திரை குத்துவது எதையும் காக்காது. பொதுச் சுற்றறிக்கையிலும் அது இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தச் சுற்றறிக்கையைத்தான்.

கூகுள் குழுமத்தின் தானோட்டிக் கார் நிறுவனமான வேமோ, 2017-இல் ஊபர்மீது தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். வேமோவின் பொறியாளர் ஒருவர் விலகும்முன் 14,000-க்கும் மேற்பட்ட கோப்புகளைப் பதிவிறக்கினார் என்பது குற்றச்சாட்டு. உதிரிபாகம் செய்துதரும் நிறுவனம் ஒன்று தவறுதலாக வேமோவுக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் ஊபரின் சுற்றுப்பலகை (சர்க்யூட் போர்டு) வரைபடம் இருந்தது. அது தங்கள் வடிவமைப்பைப் போலவே இருப்பதாக வேமோ கூறியது. வழக்கு 2018 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது.

பதிவிறக்கத்தை நிரூபிக்க, யார் எப்போது எந்தக் கோப்பை எடுத்தார் என்று காட்டும் அணுகல் பதிவேடு வேண்டும். பல மேகச் (கிளவுட்) சேவைகளில் அது 90 அல்லது 180 நாளில் தானாக அழிந்துவிடும். ஆகவே ஒருவர் ராஜினாமா கொடுத்த அன்றே பதிவேட்டை வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும். கடைசி நாளில் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. கைப்பேசியிலும் வீட்டுக் கணினியிலும் ஒத்திசைந்து இறங்கிய கோப்புறைகள் அங்கேயே கிடக்கும். அவர் உருவாக்கிய பகிர்வு இணைப்புகளும் பல சேவைகளில் தொடர்ந்து திறக்கும்.