போதையில் சிக்கிய பிள்ளைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு: எங்கே தடுக்கிவிடுவார்கள்?

"டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் வந்துடுமா?" பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூட்டிவரும் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் பயத்திலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள். அதற்குள் பையன் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் அளவுக்குப் போயிருப்பான். படிப்பை விட்டவர்கள், வீட்டில் விழும் அடிக்குப் பயந்து வெளியே படுப்பவர்கள், பெற்றவர்கள் இல்லாதவர்கள் என இவர்களிடம் போதை தனியாக வருவதில்லை. படுக்க இடம் கொடுத்தவன் அதற்குப் பதிலாக உடம்பைக் கேட்கிறான். ஒரே ஊசி நாலு பேரிடம் கைமாறுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில், சிகிச்சைக்குப் போவதால் வழக்கு வராது. வழக்கு ஏற்கெனவே இருந்தாலும் வழி உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். போதைப்பொருளை உட்கொண்டதாகவோ, சிறிய அளவு (கஞ்சா 1 கிலோ, ஹெராயின் 5 கிராம் வரை) வைத்திருந்ததாகவோ பிடிபட்ட போதை அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

இதில் இரண்டு கண்ணிகள். சிகிச்சை தரும் இடம் அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துவதாகவோ அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் விலக்கு பறிபோகலாம். முதல் கண்ணியில்தான் குடும்பங்கள் அதிகம் விழுகின்றன. வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டி, ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் விட்டுவிட்டு வருவார்கள். பிள்ளை தழும்போடு திரும்புவான். அவர்கள் கொடுத்த காகிதம் நீதிமன்றத்தில் எடுபடாது. அதனால் பணம் கட்டும் முன்பே மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றையும் அரசு அங்கீகாரத்தையும் காட்டச் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 போதை நோயாளிக்கும் பொருந்தும். சங்கிலி போடுவதும், கட்டாயமாக மொட்டை அடிப்பதும் அதில் தடை. "மூணு மாசம் பார்க்கக் கூடாது, போன் பேசக் கூடாது" என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். அரசு மருத்துவமனையானாலும் சிகிச்சை முடிந்ததற்கான மருத்துவச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) கையோடு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பிடிபட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 முன்னால் வரும். ஆனால் வயதிலேயே ஏமாற்றம் தொடங்கிவிடும். மீசையைப் பார்த்து "19" என்று எழுதிவிடுவார்கள். சட்டப்படி பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதல் ஆதாரம். அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதாருக்கு இடமே இல்லை. எனவே அந்தப் பள்ளிச் சான்றிதழின் நகலோடு ஓடுங்கள். சிறுவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் யாரும் உடன் சிக்காத இத்தகைய சிறு வழக்கில் எஃப்.ஐ.ஆர். கூடாது, காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்று அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளே சொல்கின்றன. ஜாமீன்தாரர் இல்லாமலும் ஜாமீன் தரலாம்.

பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இந்த நேரத்தில்தான் "முதல்ல ஸ்டேஷன் போய் எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஸ்டேஷனில் "எல்லை எங்களுது இல்லை" என்பார்கள். இப்படியே ஒரு நாள் போய்விடும். ஒரு பெண் குழந்தையோடு ஒரு இரவு முழுக்க இப்படி அலைந்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் ஆறவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள்படி, அவசரச் சிகிச்சைக்கு முன் எந்த ஆவணத்தையும் மருத்துவமனை கேட்கக் கூடாது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் உண்மை. அதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உதவிக்கு உடன் போகும் நம்மைத்தான் துரோகி என்பார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். 18 வயதானவருக்கு அவர் சம்மதம் போதும். வயது குறைவென்றால் பாதுகாவலர் கையெழுத்து கேட்பார்கள். பெற்றவர்களே இல்லாத பிள்ளைகள் இங்கேதான் திரும்பிப் போய்விடுகிறார்கள். அப்போது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்து, குழந்தை நலக் குழுவிடம் கொண்டுசெல்லுங்கள். போதைப் பழக்கத்துக்கு இழுக்கப்படும் நிலையில் உள்ள குழந்தையும் அந்தக் குழுவின் பொறுப்புதான். "இது எங்க வேலை இல்லை" என்றால் நகராதீர்கள்.

போதைச் சிகிச்சை பற்றிக் கேட்க 14446, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. எந்த அலுவலகத்தில் திருப்பி அனுப்பினாலும் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். சொன்னவர் பதவி, தேதி, நேரத்தை அங்கேயே குறித்து வையுங்கள்; அடுத்த மனுவில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.