மிளகுக்குள் ஒரு கஞ்சாச் சேர்மம்

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன மாதம் யாரோ கைப்பேசியில் அனுப்பிய கஞ்சா எண்ணெய் விளம்பரத்தைக் காட்டி, "இதைத் தடவினால் போதை ஏறாதே?" என்று தயங்கியபடி கேட்டார். நான் அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலைந்து மிளகை எடுத்துச் சின்ன உரலில் நசுக்கி அவர் மூக்கருகே நீட்டினேன். தும்மல் வருவதற்கு முன் ஒரு நொடி, உலர்ந்த மரச்செதில் போன்ற மணம் எழும். அதில் கணிசமான பங்கு பீட்டா-கேரியோஃபிலீன் என்ற சேர்மத்துடையது. கஞ்சாப் பூவிலும் இருப்பது இதேதான். நாக்கைச் சுடும் காரம் வேறு, அது பைப்பரின் என்ற இன்னொரு சேர்மம் செய்யும் வேலை.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு சேர்மம். 1964இல் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் இஸ்ரேலில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆனது. இப்படி ஒட்டிக்கொள்ள உயிரணுக்களில் இருக்கும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். 1990இல் சிபி1 என்ற ஏற்பியும் 1993இல் சிபி2 என்ற ஏற்பியும் அடையாளம் காணப்பட்டன. முதலாவது மூளையில் நிறைந்திருக்கிறது; மயக்கமும் மிதப்பும் அதன் வழியாகத்தான் வருகின்றன. இரண்டாவது பெரும்பாலும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் இருக்கிறது.

டிஎச்சி நம்மூர் ஸ்லோ லோக்கல் ரயில் மாதிரி, மாட்டுங்காவிலும் நிற்கும், தாதரிலும் நிற்கும். கேரியோஃபிலீன் ஃபாஸ்ட் வண்டி. சிபி1 என்ற நிலையத்தைக் கடந்துபோய் சிபி2இல் மட்டும் நிற்கிறது. போதை இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைக் கண்டறிந்தது சூரிச்சில் யூர்க் கெர்ட்ச் என்ற ஆய்வாளரின் குழு, ஆண்டு 2008. சுண்டெலிகளின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கேரியோஃபிலீனை வாய்வழியே கொடுத்தார்கள். வீக்கம் நன்றாகக் குறைந்தது. பிறகு, பிறவியிலேயே சிபி2 இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளுக்கும் அதே அளவைக் கொடுத்தார்கள். அவற்றிடம் பலனில்லை. இந்த இரண்டாவது பாதியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. ஒரு பொருள் வேலை செய்கிறது என்று காட்டுவது எளிது. எந்தக் கதவு வழியாக வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் கடினம். சிபி2 தூண்டப்படும்போது எதிர்ப்பு உயிரணுக்கள் வீக்கத்தைக் கிளறும் டிஎன்எஃப் போன்ற புரதங்களைக் குறைவாக வெளிவிடுகின்றன. நரம்பு வலி, பதற்றம் ஆகியவற்றிலும் எலிகளிடம் நம்பிக்கை தரும் முடிவுகள் பின்னர் கிடைத்திருக்கின்றன.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ சிலவே, அவையும் சிறியவை. எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. ஒரு பேச்சுக்குப் பொருத்தினாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் தேவைப்படும். ஒரு கிராம் மிளகில் கிடைப்பது சில மில்லிகிராம்தான். மிளகு ரசத்தை முழங்காலுக்கு மருந்தென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிராம்பிலும் கேரியோஃபிலீன் தாராளமாக உண்டு. சேர்மத்தின் பெயரே கிராம்பின் பழைய தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. காற்றுப் பட்டால் இது ஆக்சைடாக மாறும். மோப்ப நாய்கள் கஞ்சாவைக் கண்டுபிடிப்பது அந்த ஆக்சைடின் வாசனையால்தான் என்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இனி மிளகை எப்போது போடட்டும்?" என்றார் அத்தை. அடுப்பை அணைத்த பிறகு, அப்போதே பொடித்துப் போடச் சொன்னேன். ரசம் கொதிக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அது கேரியோஃபிலீனும் அதன் கூட்டாளிகளும் ஆவியோடு பாத்திரத்தை விட்டுப் போகிற மணம். விளம்பரத்தை அழித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.