சாந்து இல்லாத சுவர் மலையைப் பிடித்து நிறுத்துவது எப்படி?

மலைக் கிராமத்துச் சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் படி வயல்களைப் பார்க்கும்போது கண் முதலில் பச்சைக்குத்தான் போகும். கொஞ்சம் நின்று, ஒவ்வொரு படிக்கும் முகப்பாக இருக்கும் கல்சுவரைப் பாருங்கள். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண் சாந்துகூட இல்லை. கல்மேல் கல், அவ்வளவுதான். இப்படிக் கட்டி நூறாண்டு தாண்டிய சுவர்கள் இன்னும் மண்ணைத் தாங்கி நிற்கின்றன.

மண்ணின் பாரத்தைவிட இந்தச் சுவருக்குப் பெரிய எதிரி தண்ணீர். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ பாரத்துக்குச் சமமான விசை வெளியே தள்ளும். 2 மீட்டர் தேங்கினால் அது 1,000 கிலோ ஆகாது, சுமார் 2,000 ஆகும். உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வடிகால் துளை விடாமல் கட்டிய சிமென்ட் சுவர் பெருமழைக்குப் பிறகு வயிறு தள்ளி நிற்பது இதனால்தான்.

கல் அடுக்குச் சுவரில் தண்ணீர் தேங்க வழியே இல்லை. முகப்புக் கற்களுக்குப் பின்னால் சில்லுக்கல்லை நெருக்கமாக நிரப்பியிருப்பார்கள். மண்ணில் இறங்கும் மழைநீர் அந்தச் சில்லுகளின் ஊடே வடிந்து, கல் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். நாம் ஓட்டை என்று நினைப்பதுதான் சுவரைக் காப்பாற்றுகிறது!

சரி, ஒட்டாத கற்கள் ஏன் சரிவதில்லை? எடையும் உராய்வும்தான் காரணம். மேலே உள்ள கற்கள் அழுத்த அழுத்த, கீழே உள்ளவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது கடினமாகிறது. இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் அடுத்த வரிசைக் கல் உட்காரும். கல்லின் நீளமான பக்கம் வெளியே தெரியாது, சுவருக்குள் ஆழமாகப் போயிருக்கும். சுவர் முழுவதும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். நிலம் லேசாக அசைந்தால் கற்களும் கொஞ்சம் நகர்ந்து புதிதாகப் படிந்துகொள்ளும். பகலில் வெயிலை வாங்கி இரவில் சூட்டை மெல்ல விடுவதால் படியில் உள்ள பயிருக்கும் இதமாக இருக்கும். இடுக்குகளில் பல்லியும் பாசியும் குடியிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். ஒரு கல் விழுந்தால் அந்த இடத்தில் மண் கரையும், ஓடும் நீர் வாய்க்கால் பறிக்கும், அந்தச் சரிவு கீழ்ப்படியின் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். இத்தாலியின் சிங்க்வே தெர்ரே பகுதியில் உள்ள வெர்னாஸா என்ற சிறிய ஊரை 2011 அக்டோபரில் பெருமழையும் மண்சரிவும் தாக்கின. சரிவுகள் அதிகம் நேர்ந்த இடங்களில், அண்மைக் காலத்தில் சாகுபடியைக் கைவிட்ட படிகளும் இருந்தன. 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் நிலப்பரப்பு அது. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் சுவரைத் தாங்காது. அதனால், கற்சுவர்களை அல்ல, அவற்றைக் கட்டும் கைத்திறனையே யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

பழுது பார்க்கப் புதுக்கல்லும் அதிகம் தேவைப்படாது. உடைந்த பகுதியை அடி வரை பிரித்து, கற்களை அளவு வாரியாக ஒதுக்கி, பெரியவற்றை அடியில் வைத்து மறுபடி அடுக்குவார்கள். விழுந்த கல்லே அதே சுவரில் திரும்பவும் உட்காரும்.