ஃபிலியா: நட்பு என்று சொன்னால் போதுமா?

ஃபிலியா என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழில் எழுத நேர்ந்தால் கை தானாகவே ‘நட்பு’ என்று எழுதிவிடுகிறது. அரிஸ்டாட்டிலின் அறநூலுக்கு அது ஓரளவு பொருந்தும். சோஃபக்ளீசின் ‘ஆன்டிகனி’ நாடகத்துக்குப் பொருந்தாது. அந்தத் துன்பியல் நாடகத்தின் உயிரே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதை நட்பு என்று பெயர்த்தால், வழக்கைக் கேட்கும் முன்பே அரசன் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் ஆவோம்.

நாடகம் கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது. தீப்ஸ் நகரின் ஆட்சிக்காக அண்ணன் தம்பி இருவர் போரிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். நகரைக் காத்து நின்ற எட்டியோக்ளீசுக்கு முறையான அடக்கம். படையோடு வந்த பாலினைசிசின் உடல் நாய்க்கும் பறவைக்கும் கிடக்க வேண்டும், புதைப்பவருக்கு மரணம் என்று புதிய அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி அந்த உடல்மேல் மண்ணைத் தூவுகிறாள்.

ஃபிலியாவின் அடிச்சொல் ஃபிலோஸ். அதன் வேர் எது என்பதில் மொழியியலாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. ஆனால் ஹோமரின் காவியங்களில் அது வழங்கும் விதம் வியப்பூட்டுவது. அங்கே ஒருவன் தன் நெஞ்சைச் சொல்லும்போதும், தன் முழங்காலைச் சொல்லும்போதும் கூட ‘ஃபிலோஸ்’ என்ற அடை வருகிறது. முழங்காலோடு யார் நட்புக் கொள்வார்? ‘என்னுடையது, என்னைச் சேர்ந்தது’ என்பதே அங்கே பொருள். பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி, தோழன், விருந்தினன் எல்லாரும் ஒருவனுக்கு ஃபிலோஸ்தான். சொந்தம், பிரியம் என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

கிரியோன் அதைப் பிரிக்கப் பார்க்கிறான். அரியணை ஏறியதும் அவன் ஆற்றும் உரையில், நாடு என்ற கப்பல் நிமிர்ந்து செல்லும்போதுதான் நாம் நமக்கு ஃபிலோய்களை (ஃபிலோஸின் பன்மை) ‘ஆக்கிக்கொள்கிறோம்’ என்கிறான். அவனைப் பொறுத்தவரை ஃபிலியா பிற்பாடு செய்துகொள்வது; நாட்டுக்குப் பகையானால் அறுந்துபோவது. ஆன்டிகனிக்கோ அது பிறப்போடு வந்தது. நாடகத்தின் முதல் வரியிலேயே அவள் தன் தங்கை இஸ்மினியை ‘ஒரு வயிற்றில் பிறந்தவளே’ என்ற பொருளில்தான் அழைக்கிறாள். உடன்பிறந்தாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இருவர் வாயிலும் ஒரே சொல். அந்தச் சொல் யாருடையது என்பதுதான் சண்டை.

இப்போது நம் சொல்லைப் பார்ப்போம். நட்பு என்பது ‘நள்’ என்ற வினையடியாகப் பிறந்தது. நள்ளுதல் என்றால் சேர்தல், நட்புச் செய்தல். ‘முகநக நட்பது நட்பன்று’ என்ற குறளில் ‘நட்பது’ என்று வினையாகவே வருகிறது. ஆக, நட்பு ஒருவர் செய்வது. ஆராய்ந்து கொள்வது, வேண்டாதபோது விடுவது. அது கிரியோனின் ஃபிலியா. ஆன்டிகனிக்கு அதில் இடமே இல்லை.

அவளுக்கும் இடம் தரும் சொல் நம்மிடம் இருக்கிறது: கேள். அதிலிருந்து வந்தது கேண்மை. ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்ற குறுந்தொகை அடியில் கேளிர் உறவினர். குறள் 808இல் ‘கேளிழுக்கம்’ என்றால் நண்பன் செய்த பிழை. 1267இல் ‘கண்அன்ன கேளிர் வரின்’ என்று தலைவி சொல்லும்போது கேளிர் அவள் கணவன். உறவு, நட்பு, மணம் மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. கிரேக்கத்தின் ஃபிலோசுக்கு இதைவிட நெருங்கிய சொல் வேறு எந்த மொழியில் கிடைத்தாலும் நான் மகிழ்வேன். ‘யாவரும் கேளிர்’ என்பதை மேடைதோறும் முழங்கும் நாம், அந்தக் கேளைப் பேச்சிலிருந்து விட்டுவிட்டது பெரிய இழப்பு.

நாடகத்தில் ஆன்டிகனி அண்ணனைப் பற்றி, ‘ஃபிலோசோடு ஃபிலேயாகக் கிடப்பேன்’ என்கிறாள்; ஃபிலே என்பது ஃபிலோஸின் பெண்பால். ‘கேளோடு கேளாய்க் கிடப்பேன்.’ தமிழில் ஓர் எழுத்தும் வீணாகவில்லை.

ஏரோஸ் என்பது இன்னொரு சொல். காதல் என்று பெயர்ப்பது வழக்கம். காதலும் ஒரு காலத்தில் பரந்த சொல்லாக இருந்தது, கம்பனில் காதலன் என்றால் மகன் என்றும் பொருள். இன்று அது குறுகிவிட்டது. ஹோமரில் வீரர்கள் உண்டு குடித்து முடித்ததும், உணவின் மேலும் பானத்தின் மேலும் இருந்த ஏரோஸ் தீர்ந்தது என்று வரும். நாம் நீர்வேட்கை என்கிறோமே, அதே வழக்கு. ஆகவே வேட்கை என்பதே சரி. இந்த நாடகத்தில் வேட்கை, ஆன்டிகனியை மணக்கவிருந்த ஹேமோனுடையது மட்டும் இல்லை. ‘முடியாதவற்றின் மேல் வேட்கை கொள்கிறாய்’ என்று இஸ்மினி தமக்கையைக் கடிகிறாள். ‘சாவை வேட்கும் மூடர் எவருமில்லை’ என்கிறது நாடகத்தில் இடையிடையே பாடும் முதியோர் குழு. இந்த இடங்களில் காதல் என்று எழுதிப் பாருங்கள், நாக்கு ஒப்பாது.

போரில் வெல்லப்படாத ஏரோஸை முதியோர் குழு பாடுவது, கிரியோனும் மகன் ஹேமோனும் வாய்ச்சண்டையிட்டுப் பிரிந்த உடனே. ஆனால் ஆன்டிகனி தன்னை மணக்கவிருந்த ஹேமோனின் பெயரை ஒருமுறையாவது சொல்கிறாளா என்பதே ஐயம். ‘மிக இனிய ஹேமோனே, உன் தந்தை உன்னை எப்படி இழிவுபடுத்துகிறார்’ என்று ஒரு வரி இருக்கிறது. சுவடிகளில் அது இஸ்மினியின் பேச்சு; பதிப்பாசிரியர்கள் சிலர் ஆன்டிகனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. அந்த ‘மிக இனிய’ என்ற சொல்லும் ஃபிலோஸின் உச்சநிலை வடிவம்தான், ஏரோஸின் சொல் இல்லை. கண்ணன்ன கேளிர்!

கணவன் இறந்தால் வேறு கணவன், பிள்ளை இறந்தால் வேறு பிள்ளை. பெற்றோர் மறைந்தபின் வேறு உடன்பிறந்தான் ஏது என்று ஆன்டிகனி சாகுமுன் சொல்லும் வரிகள் பலருக்கும் பிடிக்கவில்லை. ஜெர்மானியக் கவிஞர் கதே 1827இல், இது இடைச்செருகல் என்று யாராவது நிறுவிக் காட்டினால் நல்லது என்றார். ஆனால் அரிஸ்டாட்டிலே அவ்வரிகளை எடுத்தாண்டிருக்கிறார். ஃபிலோஸ் என்றால் அவளுக்கு என்ன என்பதை இவ்வளவு ஒளிவின்றிச் சொல்லும் இடம் வேறில்லை. இதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சொல் ஸ்டெர்கோ, குடும்பத்தாரிடம் ஊறும் பரிவு. இதற்கு அன்பு போதும். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வகுத்ததும் இதற்கு ஒத்துவருகிறது. பாசம் என்றும் சொல்லலாம்தான். ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் கயிறு. குகைக்குள் அடைக்கப்பட்ட ஆன்டிகனி மெல்லிய துணியைச் சுருக்காக்கித் தொங்கி இறந்தாள் என்பதை நினைத்தால் எழுதக் கை நடுங்குகிறது.

அவளிடமும் குறை உண்டு. தண்டனையில் பங்கு கேட்டு இஸ்மினி வரும்போது, ‘சொல்லளவில் கேண்மை பேசும் கேளிடம் எனக்கு அன்பில்லை’ என்று தள்ளிவிடுகிறாள். ஒரு வயிற்றில் பிறந்தவளை! பிறப்பால் வந்த கேண்மைக்கும் செயல் வேண்டும் என்று அவளே ஒப்புக்கொள்ளும் இடம் இது. கிரியோனின் வழிக்கு அவள் ஓர் அடி நெருங்கிவிடுகிறாள்.

கடைசியாக, நாடகத்தின் புகழ்பெற்ற வரி. பகைவன் செத்தாலும் கேளாக மாட்டான் என்கிறான் கிரியோன். அதற்கு அவள் பதிலில் ‘சும்ஃபிலெய்ன்’ என்றொரு சொல் வருகிறது: ‘கூட’ என்ற முன்னொட்டும் ஃபிலோஸின் வினையும் சேர்ந்தது. அதையடுத்து வரும் வினைக்குப் பொருள் ‘பிறந்தேன்’. ‘அன்பு செலுத்தவே பிறந்தேன்’ என்று பெயர்ப்பவர்கள் அந்தக் ‘கூட’வை விட்டுவிடுகிறார்கள். தமிழில் அதை விட வேண்டியதில்லை.

‘பகைமையில் கூடப் பிறந்தவள் அல்லள் நான். கேண்மையில் கூடப் பிறந்தவள்.’