அங்குசத்தின் விலை

மேசையில் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, செல்போன்களில் நாம் பார்த்துப் பழகிய மைக்ரோ எஸ்டி கார்டு: 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம், 1 தடிமன். மற்றது பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்க கேம் கருவிக்காகச் சோனி தயாரித்த மெமரி கார்டு. நீளம் அதே 15, அகலம் 12.5, தடிமன் 1.6. இரண்டுமே கட்டைவிரல் நகத்தின்மேல் அடங்கிவிடும். உள்ளே தரவைச் சேமிப்பதும் ஒரே இனத்து ஃபிளாஷ் சில்லுதான். விலையில்தான் இரண்டும் வெவ்வேறு சாதி.

வீட்டா 2011 டிசம்பரில் ஜப்பானிலும், 2012 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் வைஃபை மட்டும் உள்ள கருவியின் விலை 249.99 டாலர். அதற்கான மெமரி கார்டு 4 ஜிபி 19.99 டாலர், 8 ஜிபி 29.99, 16 ஜிபி 59.99, 32 ஜிபி 99.99. பெரிய கார்டை வாங்கினால் கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் கூடுதல் பணம் கார்டுக்கே போய்விடும். அதே அளவு மைக்ரோ எஸ்டி கார்டு அப்போது பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று ஒதுக்கவும் வழியில்லை. முதல் வீட்டாவில் பயனருக்கென்று உள் சேமிப்பகமே கிடையாது. கார்டு இல்லாமல் ஓட மறுத்த கேம்களும் இருந்தன.

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க மாட்டானா என்பதுதான் கணக்கு. கடைக் கண்ணாடியில் ஒட்டும் விலை கருவியின் விலை. போட்டியாளரான நிண்டெண்டோவின் 3டிஎஸ், 2011 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வந்தபோது அதுவும் 249.99 டாலர்தான். பெட்டியின்மேல் இரண்டும் சமம். பெட்டிக்கு வெளியே சமமில்லை. 3டிஎஸ் பெட்டிக்குள் 2 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று இருந்தது. போதவில்லை என்றால் எந்தக் கடையிலும் எந்த நிறுவனத்தின் எஸ்டி கார்டையும் வாங்கிச் செருகலாம்.

அப்படியானால் வேறொரு நிறுவனம் வீட்டா கார்டைப் போலவே ஒன்றைச் செய்து மலிவாக விற்றிருக்கலாமே? வடிவத்தை நகலெடுப்பது பெரிய வேலையில்லை. தடை வடிவத்தில் இல்லை, உரையாடலில் இருக்கிறது. இத்தகைய அட்டையைச் செருகியதும் கருவி உடனே தரவைக் கேட்பதில்லை. முதலில், ‘நீ யார்?’ என்று கேட்கிறது.

அந்தக் கேள்வி எப்படி நடக்கிறது என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். கருவிக்கும் அட்டைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், ‘மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டு’ என்று வைத்துக்கொள்வோம். கருவி 14 என்று ஒரு எண்ணை வீசுகிறது. அட்டை 47 என்று பதில் சொல்கிறது. கருவியும் தனக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால்தான் கதவைத் திறக்கிறது. அடுத்த முறை கேள்வி 9; பதில் 32. ஒவ்வொரு முறையும் எண் மாறுவதால், நேற்றைய பதிலை ஒட்டுக்கேட்டு இன்று ஒப்பிக்க முடியாது. ரகசியமோ கம்பி வழியே பயணிப்பதே இல்லை. என் உதாரண ரகசியத்தைப் பள்ளிக் கணக்கு தெரிந்தவர் இரண்டு பதில்களிலேயே பிடித்துவிடுவார். உண்மையான மறைகுறியாக்கத்தில் பல்லாயிரம் பதில்களைச் சேர்த்தாலும் சாவி சிக்காது. ஆகவே வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நினைவகத்துக்கு அல்ல, அந்தச் சாவிக்கு.

இந்தக் கலையின் பழைய வடிவம் 1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அதுதான். கேம் அடங்கிய ஒவ்வொரு காட்ரிட்ஜிலும் (கருவியில் செருகும் சிறு பெட்டி) 48 பைட் அளவில் நிண்டெண்டோவின் சின்னம் பதிந்திருக்கும். மின்சாரம் வந்ததும் கருவிக்குள் இருக்கும் 256 பைட் நிரல் அதை காட்ரிட்ஜிலிருந்து படித்துத் திரையில் மேலிருந்து மெல்ல இறக்கும். பிறகு தன்னிடம் உள்ள பிரதியுடன் ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் கேம் தொடங்காது. காட்ரிட்ஜே இல்லாமல் கருவியை இயக்கினால், பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கி வரும்; படிக்க எதுவும் இல்லை என்பதன் அடையாளம் அது. சின்னத்தில் ரகசியம் எதுவுமில்லை, யாரும் நகலெடுக்கலாம். ஆனால் நகலெடுத்தால் வணிகச் சின்னத்தைத் திருடிய குற்றம் வரும். பூட்டின் பாதி மின்னணுவியல், மீதி சட்டம். செகா என்ற இன்னொரு கேம் கருவி நிறுவனம் தன் வீட்டுக் கருவியில் இதையொத்த உத்தியைக் கையாண்டபோது, அக்கோலேட் என்ற கேம் நிறுவனத்துடன் வழக்கு வந்தது. கருவியை இயக்கவே சின்னம் தேவை என்று அமைத்துவிட்டு, பிறகு சின்னம் திருடுபோனதாகப் புகார் சொல்ல முடியாது என்ற பொருளில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

சோனியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதன் முந்தைய கருவியான பிஎஸ்பி, 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள யுஎம்டி என்ற சின்ன வட்டில் கேம்களை விற்றது. ஒரு வட்டின் கொள்ளளவு 1.8 ஜிபி வரை. சேமிப்புக்கு மெமரி ஸ்டிக் டியோ. அதுவும் சோனியின் வடிவமே என்றாலும் சான்டிஸ்க் போன்ற பிறரும் தயாரித்தார்கள். மைக்ரோ எஸ்டியைச் செருகும் மாற்றி அட்டைகளும் வந்தன. திருத்திய மென்பொருளை ஏற்றிக்கொண்டு, நகலெடுத்த கேம்களை மெமரி ஸ்டிக்கிலிருந்தே ஓட்டுவது உலகெங்கும் சாதாரணமாயிற்று. சூடு கண்ட பூனை வீட்டாவில் தனி அட்டை கேட்டதில் வியப்பில்லை.

ஆனாலும் பாதுகாப்பு என்ற வாதத்தை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரண எஸ்டி கார்டில் எழுதிய 3டிஎஸ், ஒவ்வொரு கருவிக்கும் தனியான சாவியால் தரவைப் பூட்டி எழுதியது. கார்டை உருவி இன்னொரு 3டிஎஸ்ஸில் செருகினால் அதற்கு ஒன்றும் புரியாது. பெட்டகத்துக்குள் வைப்பதை மறைமொழியில் எழுதிவிட்டால், பெட்டகத்தை யார் செய்தால் என்ன? அந்த வழி இருந்தும் பெட்டகத்தையே தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதன் கண் திருடன்மேல் மட்டும் இல்லை.

திருடன் அந்தக் கதவு வழியாக வரவும் இல்லை. 2016இல் வெளியான, கருவியின் பூட்டுகளைத் திறக்கும் ஹென்காகு என்ற உடைப்பு வீட்டாவின் இணைய உலாவியில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. மெமரி கார்டின் பூட்டை அது தொடவேயில்லை. அடுத்த ஆண்டு, மைக்ரோ எஸ்டியை வீட்டாவில் செருக உதவும் எஸ்டி2வீட்டா என்ற மாற்றி வந்தது. வீட்டாவில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று மெமரி கார்டுக்கு, மற்றது கேம் அட்டைக்கு. மாற்றி போவது இரண்டாவதில். கேம் அட்டைத் துளையின் மின்இணைப்பு எஸ்டி கார்டுகள் பேசும் மொழிக்கு நெருக்கமானது. மாற்றியோ விரல்நுனி அளவுள்ள அச்சுப்பலகை, அதில் சில செம்புக் கோடுகள், அவ்வளவுதான். ‘நீ யார்?’ என்ற கேள்வியைக் கருவி கேட்காமல் பார்த்துக்கொள்வது உடைப்பின்மேல் ஏறிய சிறு நிரல்.

சோனி விற்ற மிகப் பெரிய வீட்டா கார்டு 64 ஜிபி. இந்த மாற்றியில் 128, 256 ஜிபி மைக்ரோ எஸ்டிகள் ஓடுகின்றன. 2019 மார்ச்சில் வீட்டா தயாரிப்பே நின்றுபோன பிறகும், கையில் கருவி வைத்திருப்பவர்கள் இதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் கேம் அட்டையை விளையாட நினைத்தால் மட்டும், மாற்றியை வெளியே உருவ வேண்டியிருக்கிறது.